வேலூர் வெயிலில் செய்த பனி

ஏப்ரல் 7

எழுதப் படிக்கத் தெரியாதவனை நாட்குறிப்பு எழுதச் சொன்ன டாக்டரை இன்று பார்த்துவிட்டு வந்தேன். தூக்கம் வரவில்லை என்று போனேன். "தினமும் நடந்ததை எழுதுங்க பெரியவரே, மனசு லேசாகும்" என்றார். எனக்கு எழுத்து வராது சார் என்றேன். "அப்ப யாரையாவது வெச்சு எழுதுங்க" என்றார். மொட்டைத் தலையனுக்குச் சீப்பு, அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்.

அந்த ஆள் என் மருமகள் ஹேமாவதி. நான் 'இன்னா' என்று சொன்னால் 'என்ன' என்று திருத்தி எழுதுகிறாள். டீச்சருக்குப் படித்த புத்தி. என் பேச்சை எப்படி வேண்டுமானாலும் துவைத்துக் காயப்போட்டுக்கொள், மற்றவர்கள் பேசியதையும் அவர்களோடு நான் வாய்க்கு வாய் பேசியதையும் மட்டும் அழுக்கோடு அப்படியே விடு என்று சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் நான் அவர்களைத் திட்டுவது அநியாயம் போலத் தெரியும்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லுங்கள் மாமா என்கிறாள். அவளுக்கே தெரிந்த கதையை அவளுக்கே சொல்ல வேண்டுமாம். சரி. தை மாதம், வடக்கே பனிமலையில் என் மகன் தயாளன் காவல் இருந்த இடத்தில் பனி சரிந்தது. ஆள் கிடைக்கவில்லை. பட்டாளத்தார் தேடும் மட்டும் தேடிவிட்டு, இறந்தான் என்று தாள் கொடுத்தார்கள். அவன் துணிமணி ஒரு பெட்டியில் வந்தது. என் பெண்டாட்டி நவநீதம் தாளையும் நம்பவில்லை, பெட்டியையும் நம்பவில்லை. "சித்திர வந்தா பனி உருகும். எம்புள்ள எந்திரிச்சு வருவான்" என்கிறாள். வேலூர் வெயிலில் பிறந்து வேலூர் வெயிலில் கிழவியானவள். சித்திரையில் உருகாத பொருள் ஒன்றை அவள் ஆயுளில் பார்த்ததில்லை.

ஆகவே கருமாதி இல்லை. ஹேமா சுமங்கலியா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அவள் அம்மா வீட்டிலிருந்து போன் வந்தால் மூன்று பேரும் மாறி மாறிக் கொல்லைப் பக்கம் போகிறோம்.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் டீ குடித்தேன்.

ஏப்ரல் 10

சுபேதார் கஜபதி வீட்டுக்கு வந்தார். ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆகியும் சுபேதார் என்று சொல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். முதல்முறை ஆள் எடுப்புக்குப் போய் மார்பு அளவு போதாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவருக்கு இல்லை.

"எத்திராஜ்ணா, மிலிட்டரிக்காரங்க சங்கக் கட்டடத்துல நம்ம தயாளனுக்கு ஒரு மாடல் வெக்கறோம். கண்ணாடிப் பொட்டி. உள்ள மலை, பனி, உச்சில கொடியோட தயாளன். எம்மெல்லே மே பதினஞ்சு தேதி குடுத்துட்டாரு. ட்ராயிங் மாஸ்டர் குணசீலன் செய்றான்."

குணசீலன் ஒரு தேர்தலில் சுவரில் சிங்கம் வரைந்தான். ஊர்ப் பிள்ளைகள் அதற்கு இன்னும் பிஸ்கட் காட்டிக்கொண்டு போகிறார்கள். அவன் கையில் இமயமலை.

நல்லது, செய்யுங்கள் என்றேன். வேறு என்ன சொல்ல? வேண்டாம் என்று சொன்னால் துக்கத்தில் பேசுகிறான் என்பார்கள்.

ஏப்ரல் 12

மாடலைப் பார்க்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நவநீதமும் வருகிறேன் என்றாள். வந்தாள்.

கம்பிவலையை வளைத்து, மேலே காகிதம் ஒட்டி, பழுப்புச் சாயம் அடித்திருந்தான் குணசீலன். மலை குற்றமில்லை. மலையின் மேல் பஞ்சு. தலையணையைக் கிழித்து உதறிய மாதிரி. பஞ்சுக்கு மேல் தெர்மாகோல் பொரி. உச்சியில் வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மை ஒன்று, முகத்தில் மசியால் மீசை. தயாளனுக்கு மீசை வைத்தால் தும்மல் வரும். பட்டாளத்திலேயே மீசை இல்லாமல் இருந்தவன். செத்தபிறகு வளர்ந்திருக்கிறது.

நவநீதம் பஞ்சைக் கிள்ளிப் பார்த்தாள். ஊதினாள், பறந்தது. எல்லோரும் அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சிரித்தாள்.

"இதான் பனியா? இதுக்குள்ளியா எம்புள்ள மாட்டிக்கினான்? ஒரு ஒதறு ஒதறினு எந்திரிச்சு வந்துடுவான்."

சுபேதார் என்னைப் பார்த்தார். குணசீலன் பஞ்சைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் வடகம் பிழிந்தாள், மாடியில் காயப்போட்டாள், பாட்டு கூட முணுமுணுத்தாள். தையிலிருந்து அவளை இவ்வளவு தெம்பாக நான் பார்த்ததில்லை. குணசீலனின் தலையணை என் வீட்டில் செய்த வேலை இது.

நாளை சங்கத்துக்குப் போகப் போகிறேன். பனியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லப் போகிறேன். அந்தப் பஞ்சு போக வேண்டும். பார்த்தால் எழுந்து வர முடியாது என்று தெரிகிற பனி வேண்டும். நான் பனியைப் பார்த்ததில்லை. அதனால் என்ன, குணசீலன் சிங்கத்தைப் பார்த்தானா?

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி. வெயில் நூற்றெட்டு என்று டிவிக்காரன் சந்தோஷமாகச் சொன்னான். அவனைவிட நவநீதம் சந்தோஷப்பட்டாள்.

ஏப்ரல் 18

நான் மாவு மில்லில் வேலை பார்த்தவன். வெள்ளை என்றால் எனக்கு அரிசி மாவுதான். நேற்று இரண்டு மரக்கால் அரைத்து, சலித்து, மலை முழுக்கக் கையால் தூவினேன். அள்ளித் தூவிய மாவு தானாகச் சரிந்து பள்ளத்தில் அடங்கியபோது சுபேதாரே "ஏ, நெஜ மலை மாதிரி கீதுபா" என்றார். நான் அடக்கமாக நின்றேன். அடக்கமாக நிற்பது எனக்கு வராது என்று ஊருக்குத் தெரியும்.

இன்று போனால் மலை கறுப்பாக இருந்தது. எறும்பு. அடிவாரத்திலிருந்து உச்சிவரை வரிசை கட்டி, ஆளுக்கு ஒரு பொட்டு பனி தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. எதிரி நாடு இத்தனை வருஷமாகப் பிடிக்க முடியாத சிகரத்தை ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டன. வெள்ளைக்காரச் சிப்பாய் கொடியோடு சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாவுல பனி செஞ்சா எறும்பு வராம இன்னா வரும் நைனா, கரடியா வரும்?" என்றான் குணசீலன். சிங்கத்துக்காரனுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய நிலைமை.

ஏப்ரல் 19

மாவைத் துடைக்கும்போது ஞாபகம் வந்தது. தயாளனுக்கு நாலு வயது. மில்லில் விளையாடியவனைக் காணோம். தேடினால், அரைத்துக் கொட்டிய மாவுக் குவியலுக்குள்ளிருந்து ஒரு தும்மல். கண் மட்டும் தெரிய, முழுக்க வெள்ளையாக, சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். முதலாளி மாவு கெட்டது என்று கத்தினான்.

ஹேமா எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனா எழுதவில்லையாம். வேறு பேனா எடு என்றேன்.

ஏப்ரல் 22

குணசீலன் கை: சுவர்ப் பட்டி பூசினான். காய்ந்ததும் கல்யாணக் கேக் மாதிரி வழவழவென்று இருந்தது. மேலே செர்ரிப்பழம் வைக்காததுதான் பாக்கி.

என் கை: கல்லுப்பை இடித்துத் தூவினேன். மாலையில் கோடைமழை. உப்பு ஈரம் குடித்து, கம்பிவலையைத் தின்று, மலையெங்கும் துரு வழிந்தது. பனியில் ரத்தம் வருகிற மாதிரி. சுபேதார் அதைப் பார்த்து, "இதுவும் ஒரு எஃபெக்டா கீதே" என்றார். நான் துடைத்துப்போட்டேன். மனிதனுக்குப் பட்டாளத்தில் எதைப் பார்த்தும் பயப்படாமல் இருக்கப் பழக்கியிருக்கிறார்கள். வெட்கப்பட யாரும் பழக்கவில்லை.

டீ குடித்தேன். காட்பாடி பஸ் இன்று தாமதம்.

ஏப்ரல் 25

இருதயராஜ் வந்தான். திருப்பத்தூர்ப் பக்கம். தயாளன் இருந்த அதே முகாமில் இருந்தவன், லீவில் வந்திருக்கிறான். நவநீதம் மாவு மில்லுக்குப் போயிருந்தாள். நல்லதாயிற்று.

அழுகையெல்லாம் வேண்டாம் என்று எடுத்த எடுப்பில் தொழில் விஷயம் பேசினேன்.

"பனி இன்னா நெறம்பா?"

"வெள்ளதான்பா. வெயில்ல கண்ண எரிக்கும். நெழல் விழுற எடத்துல நீலமா கீது. மேல மினுமினுன்னு இருக்கும். நடந்தா சக்கரைய மிதிக்கற சத்தம்."

"அது சரியறப்ப?"

"தண்ணி மாதிரி ஓடியாரும்பா. நின்னுச்சுன்னா சிமெண்டு. அப்பாலிக்கா வெரல அசைக்க முடியாது. கடப்பார போட்டாதான் ஒடையும்."

"நீங்க போட்டீங்களா?"

அவன் வலது கையை மேசைமேல் வைத்தான். மூன்று விரல்களுக்கு நுனி இல்லை. குளிரில் கறுத்துப் போய் எடுத்துவிட்டார்களாம்.

"அதுக்கு மேல முடியலப்பா" என்றான்.

நான் பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். பிறகு, பெண்டாட்டி கேட்கச் சொன்னாள் என்ற மாதிரி, "சித்திரைல உருகுமா?" என்றேன்.

"அங்க சித்திரையே வர்றதில்லப்பா" என்றான்.

ஏப்ரல் 26

மாமா இன்று ஒன்றும் சொல்லவில்லை. நாள் தவறக் கூடாது என்பதால் நானே எழுதிவைக்கிறேன். — ஹே.

ஏப்ரல் 30

மினுமினுப்பு, சர்க்கரைச் சத்தம், காய்ந்தால் சிமெண்டு. இத்தனையும் ஒரே பொருளில் வேண்டும். எதிரிலேயே இருந்தது, தினமும் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். கோலமாவு. எறும்புக்குப் போடும் அரிசிமாவு இல்லை, தள்ளுவண்டியில் விற்கும் கல்மாவு. வெள்ளைக் கல்லை இடித்தது. வெயிலில் பிடித்தால் கண்ணைச் சிமிட்டும்.

இதில் ஒரு சங்கடம். சாவு நடந்த வீட்டு வாசலில் கோலம் போட மாட்டார்கள். நவநீதம் தையிலிருந்து ஒருநாள் விடாமல் போடுகிறாள். முன்பு நாலு புள்ளி வைத்தவள், இப்போது தெருவை அடைத்துப் போடுகிறாள். தெருப்பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகத் தாண்டிப் போகிறார்கள். அவளிடம் போய் மாவு கேட்க எனக்குத் தைரியம் இல்லை. காட்பாடி கடையில் ஒரு மூட்டை வாங்கினேன். கடைக்காரன், "வீட்ல கல்யாணமா பெரியவரே?" என்றான். ஆமாம், மலைக்கு என்றேன்.

கல்மாவில் மரவேலைப் பசையும் தண்ணீரும் கலந்து, பள்ளங்களில் அடை மாதிரி அப்பினேன். பள்ளத்துக்குப் போகும் கலவையில் மட்டும் வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம், இரண்டே சொட்டு. மூன்று விட்டால் கிருஷ்ணர் கோயில் ஆகிவிடுகிறது. அதையும் செய்து பார்த்தாயிற்று. ஈரம் காயும் முன் மேலே உலர்ந்த மாவைச் சலித்தேன். குணசீலன், காற்று அடிக்கும் பக்கம் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் என்று எங்கோ படத்தில் பார்த்ததாகச் சொல்லி, பழைய பல்துலக்கியால் வரி வரியாக இழுத்தான். சரியாக இருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

மே 4

சுபேதாரோடு சண்டை. பொம்மை விஷயம்.

மலை என் இடுப்பு உயரம். பொம்மை என் நடுவிரல் உயரம். கணக்குத் தெரியாதவனுக்கும் கண் தெரியும்.

"சுபேதாரே, எம்மவன் அம்மாம் ஒசரம் இருந்திருந்தா பனி அவன் முட்டிக்குதான் வந்திருக்கும். வேட்டிய மடிச்சினு வூட்டுக்கு வந்திருப்பான்."

"வீரன் பெருசாதாண்ணா தெரியணும். எம்மெல்லே தூரத்துல இருந்து பாப்பாரு."

"அப்ப எம்மெல்லேவ கிட்ட வரச் சொல்லு."

கடைசியில் குணசீலன் குழாய் ஓட்டை அடைக்கும் பசையை உருட்டி, குண்டுமணி அளவு ஆள் ஒன்று செய்தான். குச்சி நுனியால் கை, கால். அப்படியும் மீசை வைத்திருக்கிறான். அதற்கு இடம் எங்கே கிடைத்தது என்றுதான் தெரியவில்லை. உச்சியில் கடைசி நாள் ஒட்டிக்கொள்ளலாம் என்று முடிவு.

மே 8

நவநீதம் தானாகச் சங்கத்துக்கு வந்தாள். நான் கலவை பிசைந்துகொண்டிருந்தேன். ஹேமாவும் கூட இருந்தாள், ஆகையால் இதை மாற்றிச் சொல்ல வழியில்லை.

மலையைச் சுற்றி வந்தாள். விரலால் குத்தினாள். பிறகு கணுவால் தட்டினாள். சத்தம் வந்தது.

"கல்லாட்டம் கீதே."

"நின்னா அப்படிதான் ஆவுமாம். இருதயராஜ் சொன்னான்."

"அவன் எப்ப வந்தான்?"

"நீ மில்லுக்குப் போன அன்னிக்கு."

"சித்திரைல?"

"அங்க வராதாம்."

"யாரு, இருதயராஜா?"

"சித்திர."

தட்டிய கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு ஆரம்பித்தாள். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய் தெரியும்; இது வேறு வாய்.

"எம்புள்ளைய மூடறதுக்குத்தான் இம்மாந் நாளா மாவு பெசஞ்சினு இருந்தியா? பெத்தவனாய்யா நீ? நான் ஒருத்திதான் பைத்தியக்காரி, நீ ரொம்ப தெளிஞ்சவன். அப்ப தெனம் சாயங்காலம் காட்பாடி பஸ்ஸாண்ட இன்னாத்துக்குய்யா போயி நிக்கற?"

"டீ குடிக்க."

"டீக்கடக்காரன் எங்கிட்ட சொன்னான். டீய வாங்கிக் கைல வெச்சினு கடைசி ஆளு எறங்கற வரைக்கும் பாக்கறியாம். அப்பாலிக்கா டீய கீழ ஊத்திட்டு வரியாம்."

டீக்கடைக்காரர்களுக்கு வாய் அதிகம். நான் மாவு பிசைந்தேன். தண்ணீர் கூடிவிட்டது, அந்தக் கலவை வீண்.

ஹேமா அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். "அத்தை, வாங்க, வெயிலு" என்றாள்.

மே 9

இன்று வாசலில் கோலம் இல்லை. மாடு மிதித்துவிட்டது என்கிறாள். எந்த மாடு என்று நான் கேட்கவில்லை.

மே 11

கோலம் இல்லை. ஊரில் மாடுகள் பெருகிவிட்டன.

டீ குடிக்கப் போகவில்லை. நெஞ்சு எரிச்சல்.

மே 14

நாளை திறப்பு. சங்கக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு, பந்தல், எம்.எல்.ஏ. படம் பெரிதாக, சுபேதார் படம் நடுத்தரமாக, தயாளன் படம் மூலையில். பேனர் அடிப்பவனுக்கு யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரிகிறது.

காலையில் கடைசிக் கலவை போட்டேன். குணசீலன் பொம்மையையும் கொடியையும் பசைக் குப்பியையும் என்னிடம் கொடுத்துவிட்டு, "நைனா, நீயே ஒட்டிடு. சாப்ட்டு வரேன்" என்று போனான். பொம்மை என் உள்ளங்கையில் கிடந்தது. உச்சியில் வைத்துப் பார்த்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

"நிக்க வெக்காத" என்றாள் நவநீதம்.

வாசலில் நின்றுகொண்டிருந்தாள், பின்னால் ஹேமா. எப்போது வந்தார்கள் என்று தெரியாது. அவள் வந்து பொம்மையை வாங்கினாள். முந்தானை நுனியை எச்சில் தொட்டு, அதன் முகத்தைத் துடைத்தாள். மீசை போய்விட்டது.

"எங்க இருந்தானாம்?"

இருதயராஜ் சொன்னதை வைத்து, சரிவுக்குக் கீழே பள்ளத்தைக் காட்டினேன். அந்த இடத்தில் காய்ந்திருந்த பனியை உளியால் கொத்தி எடுத்தேன். அவள் அவனைப் படுக்க வைத்தாள். தலை தெற்கே இருக்கட்டும் என்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் தெற்கு எது என்று நான் வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

பிறகு குழியில் கைப்பிடி மண் போட வேண்டும், இங்கே மண்ணுக்குப் பதில் கலவை. பிள்ளை அப்பனுக்குப் போடுவதுதான் முறை. தலைகீழாக நடந்தால் யார் முதலில் என்று கேட்க ஆள் இல்லை, எங்கள் வெட்டியான் போன வருஷமே செத்துவிட்டான். நான் போட்டேன். மூன்று கை. அந்தப் பள்ளத்துக்கு மூன்று சிட்டிகையே அதிகம்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. தெருமுனையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது சங்கக் கட்டடம். மின்விசிறி ஓடுகிற இடம். யாரும் தடுக்க முடியாது. நவநீதம் மூன்று கை போட்டாள். கலவையை அழுத்தித் தடவினாள், அடை தட்டுகிற மாதிரி, ஓரம் விரியாமல். ஹேமாவும் போட்டாள்.

எழுது. நீ போட்டதையும் எழுது.

பிறகு மேலே உலர்ந்த மாவைச் சலித்தேன். பல்துலக்கியால் வரி இழுத்தேன். எந்த இடம் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. நவநீதம் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். நான் கை கழுவப் போனேன். இந்தக் கல்மாவு நகக்கண்ணில் ஏறினால் லேசில் போவதில்லை, கழுவ வெகுநேரம் பிடித்தது.

மே 15

எம்.எல்.ஏ. பத்து மணி என்று சொல்லி ஒரு மணிக்கு வந்தார். அதுவரை பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து நாட்டுப்பற்று ஊட்டினார்கள். சுபேதார் பேசினார். எம்.எல்.ஏ. பேசினார், தயாளன் பெயரை இரண்டு தரம் தனபாலன் என்றார். மூன்றாம் தரம் யாரோ காதில் சொன்னார்கள். எங்களுக்குச் சால்வை போர்த்தினார்கள், அந்த வெயிலில்.

துணியை விலக்கினார்கள். எல்லோரும் வாய் திறந்தார்கள். நானே சொல்கிறேனே, உள்ளபடியே குளிர்ந்தது. நிழல் விழும் பள்ளத்தில் நீலம், மேலே மினுமினுப்பு, காற்று இழுத்த வரி. உச்சியில் கொடி மட்டும் நின்றது.

சுபேதார் முகம் அடுப்புச் சட்டி மாதிரி ஆகிவிட்டது. குணசீலன் பெட்டிக்குக் கீழே, மேசைக்குக் கீழே, தன் சட்டைப் பையில்கூடத் தேடினான்.

எம்.எல்.ஏ. பெட்டியின் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பார்த்தார்.

"மலை தத்ரூபமா இருக்கு" என்றார் மைக்கில். பிறகு நவநீதத்தின் பக்கம் திரும்பி, "வீரர் எங்கம்மா? காணோமே?" என்றார். அந்தக் கேள்வியும் மைக்கில்தான் போனது.

நவநீதம் சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

"உள்ள கீறான் சார்" என்றாள். "நேத்து மத்தியானம்தான் மூடினோம்."

கைதட்ட வந்திருந்த கூட்டத்துக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.